எந்த உப்பு? சர்க்கரை உள்ளவர்கள் கேட்டு வாங்க வேண்டிய இரண்டு டெஸ்ட்

"தம்பி, உப்பு இருக்கான்னு பாத்துச் சொல்லு" என்றபடி அந்தப் பெரியம்மா மஞ்சப்பையிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். அரை பாட்டில் சிறுநீர். மூடியின் ஓரத்தில் பழைய ஹார்லிக்ஸ் தூள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மன்னார்குடிப் பக்கம் லேப் நடத்துகிற எனக்கு இது பழகிப்போன காட்சிதான். பாட்டிலை விட அந்த "உப்பு" என்ற சொல்தான் என்னை யோசிக்க வைத்தது.

எங்கள் ஊர்ப்பக்கம் உப்பு என்ற ஒரு சொல்லுக்கு மூன்று பொருள். கர்ப்பிணிப் பெண்ணுக்கு "யூரின்ல உப்பு போகுது" என்றால் அது ஆல்புமின் என்கிற புரதம். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு "உப்பு ஏறிடுச்சு" என்றால் ரத்தத்தில் யூரியாவும் கிரியேட்டினினும் கூடிவிட்டன என்று அர்த்தம். பிரஷர் உள்ளவரிடம் "உப்பைக் குறைங்க" என்று டாக்டர் சொன்னால் அது அடுப்படி உப்பு. புரதம், கழிவு, சோடியம் குளோரைடு. மூன்றுக்கும் ஒன்றுக்கொன்று உறவு உண்டே தவிர மூன்றும் ஒன்றில்லை.

பெரியம்மாவுக்கு வயது 58. சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடம். கையில் வைத்திருந்த பழைய ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 0.8. "உப்பு நார்மல்னு சொல்லிட்டாங்க தம்பி, கால்ல எரிச்சல் இருக்கேன்னுதான் இதையும் ஒரு தடவ பாத்துக்கலாம்னு வந்தேன்" என்றார். சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் பார்த்தது ஒரு உப்பை மட்டும். இன்னொரு உப்பை இந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஒருவரும் சரியாக அளந்து பார்த்ததாக ரிப்போர்ட் கட்டில் எங்கும் இல்லை.

சர்க்கரை உள்ளவர்களுக்குக் கிட்னி பரிசோதனை என்றால் இரண்டு டெஸ்ட். ஒன்று ரத்தத்தில், ஒன்று சிறுநீரில். வருடத்துக்கு ஒரு முறை இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. ஏன் என்று புரிய, கிட்னிக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மெல்லிய ரத்தக்குழாய்களாலான ஒரு சிறு முடிச்சு. எல்லாம் சேர்ந்து ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து பிரிக்கின்றன. அதில் பெரும்பகுதியை உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்ள, ஒன்றரை இரண்டு லிட்டர்தான் சிறுநீராக வெளியே வருகிறது. ஆற்றில் தண்ணீர் வரும் நாட்களில் மதகடியில் வலை கட்டி மீன் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஓடிவிடும், மீன் தங்கிவிடும். நல்ல கிட்னியில் கழிவும் நீரும் வலையைத் தாண்டும், ரத்தத்தின் புரதங்கள் உள்ளேயே நிற்கும். வலை நைந்துபோனால் முதலில் தப்புவது சின்ன மீன். ரத்தப் புரதங்களில் ஆல்புமின் அப்படிப்பட்ட சின்ன மீன். ரத்தத்தில் அதுதான் அதிகமாகவும் இருக்கிறது. அதனால்தான் சிறுநீரில் அதைத் தேடுகிறோம்.

வலை ஏன் நைகிறது? ஆறு மூன்றாகப் பிரியும் நீடாமங்கலத்து மூணாறு தலைப்பில் ஷட்டரை எவ்வளவு ஏற்ற, எவ்வளவு இறக்க என்று கணக்குப் பார்த்துத்தான் ஆறுகளுக்குத் தண்ணீர் பிரித்து விடுகிறார்கள். நம் வயலிலும் அப்படித்தான். மடையை அகலமாக வெட்டிவிட்டு வடிகாலை அடைத்து வைத்தால் வரப்பு என்ன ஆகும்? கிட்னியின் ஒவ்வொரு வடிகட்டிக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாகவே இருந்தால் உள்ளே வரும் குழாய் விரிந்துவிடுகிறது. வெளியே போகும் குழாயை உடம்பின் ஒரு ஹார்மோன் சுருக்கிப் பிடிக்கிறது. நடுவில் அழுத்தம் ஏறுகிறது. வருடக்கணக்கில் இந்த அழுத்தத்தில் வலை நைந்து ஆல்புமின் கசிகிறது. வெளியில் இருக்கிற பிரஷரும் கூடச் சேர்ந்தால் சேதம் வேகமாகிறது.

இதில் மோசமான விஷயம், அந்தக் கட்டத்தில் உங்களுக்கு ஒன்றுமே தெரியாது. வலி கிடையாது. வீக்கம் கிடையாது. சிறுநீர் பார்க்கத் தெளிந்த தண்ணீர்போல இருக்கும். "நுரை வந்தாத்தான கிட்னி பிரச்சினை?" என்று கேட்பார்கள். ஆல்புமின் நிறையக் கொட்டும்போது நுரை வரலாம். ஆரம்பக் கசிவில் வராது. வேகமாகப் போனாலும் நுரைக்கும், பீங்கானில் ஒட்டியிருக்கும் சோப்பாலும் நுரைக்கும். நுரையைப் பார்த்து முடிவு செய்கிற வேலை வேண்டாம்.

ஸ்கேனையும் நம்ப முடியாது. "ஸ்கேன் எடுத்தேன், கிட்னி நல்லா இருக்கு" என்பதை வாரம் ஒருவராவது சொல்கிறார்கள். ஸ்கேன் கல்லைக் காட்டும், அடைப்பைக் காட்டும், சுருங்கிய கிட்னியைக் காட்டும். சர்க்கரையால் வரும் ஆரம்பச் சேதத்தில் கிட்னி நார்மல் அளவில்தான் இருக்கும், சில சமயம் சற்றுப் பெரிதாகக்கூட இருக்கும். நம் ஊரில் கிட்னி என்றாலே கல், கல் என்றாலே வாழைத்தண்டு என்று ஒரு கணக்கு ஓடுகிறது. சர்க்கரைக் கிட்னி வேறு கதை.

இப்போது ரத்த டெஸ்ட். கிரியேட்டினின் என்பது தசைகளில் நாள்தோறும் உண்டாகும் கழிவு. கிட்னி அதை வெளியேற்றுகிறது. கிட்னி தளர்ந்தால் ரத்தத்தில் அது தேங்குகிறது. சரிதான். ஆனால் கிட்னியின் வேலைத்திறன் ஏறக்குறையப் பாதி போகும்வரை இந்த எண் பல பேருக்கு நார்மல் கோட்டுக்குள்ளேயே நிற்கும். தசையிலிருந்து வருவதால், மெலிந்த வயதான பெண்ணுக்கு இது இயல்பாகவே குறைவு. மூட்டை தூக்கும் இளைஞனுக்குக் கூடுதல்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கிரியேட்டினின் 1.2 என்று இரண்டு பேருக்கு வருகிறது. ஒருவர் 30 வயது ஆண், இன்னொருவர் 65 வயது பெண். வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்த ஆணுக்குக் கிட்னி வேகம் 83 அளவில் வரும். அந்தப் பெண்ணுக்கு 50தான். ஒரே எண், ஒருவருக்குக் கவலையில்லை, இன்னொருவருக்குக் கிட்னி நோய்க் கோட்டுக்குக் கீழே. இந்தக் கணக்கில் வரும் விடைக்குத்தான் இ.ஜி.எஃப்.ஆர் என்று பெயர். ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லி ரத்தநீரைக் கிட்னி சுத்தம் செய்கிறது என்கிற மதிப்பீடு. பேச்சுவாக்கில் சதவீதம் மாதிரி நினைத்துக்கொண்டாலும் பெரிய தப்பில்லை. 90க்கு மேல் நல்லது. 60க்குக் கீழே மூன்று மாதம் தொடர்ந்து இருந்தால் நாள்பட்ட கிட்னி நோய். 15க்குக் கீழே போனால் டயாலிசிஸ், மாற்றுக் கிட்னி என்ற பேச்சு வரும். பல லேப்களில் கிரியேட்டினினை மட்டும் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறோம். எங்கள் தொழிலின் சோம்பல் அது, ஒப்புக்கொள்கிறேன். இ.ஜி.எஃப்.ஆரையும் போட்டுக் கொடுங்கள் என்று கேளுங்கள். அதற்குத் தனியாக ரத்தம் எடுக்க வேண்டியதில்லை, வெறும் கணக்குதான்.

சிறுநீர் டெஸ்ட்டுக்கு வருவோம். சாதாரண யூரின் டெஸ்ட்டில் ஒரு பட்டையைச் சிறுநீரில் முக்கி எடுப்போம். மஞ்சளாக இருக்கும் கட்டம் பச்சைக்கு மாறினால் ஆல்புமின் இருக்கிறது. மாறாவிட்டால் "ஆல்புமின்: நில்", அதாவது இல்லை என்று எழுதுவோம். அந்தக் கட்டம் தெளிவாக நிறம் மாற ஒரு டெசிலிட்டரில் சுமார் 30 மில்லிகிராம் ஆல்புமின் வேண்டும். ஆரம்பக் கசிவு பெரும்பாலும் அதற்குக் கீழே நழுவிவிடும். வரும் வழியில் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்திருந்தால் கேட்கவே வேண்டாம், எல்லாம் நீர்த்துப்போய் "நில்" என்றே வரும். பெரியம்மாவின் ரிப்போர்ட் கட்டில் அப்படி மூன்று "நில்" இருந்தது.

அதனால் சர்க்கரை உள்ளவர்கள் கேட்க வேண்டியது ஆல்புமின் கிரியேட்டினின் விகிதம். லேப் கவுண்டரில் "யூரின் ஏ.சி.ஆர்" என்றால் புரியும். ஏன் விகிதம்? சாம்பாரில் தண்ணீர் ஊற்றினால் பருப்பும் நீர்க்கும், புளியும் நீர்க்கும். பருப்புக்கும் புளிக்கும் உள்ள விகிதம் மாறாது. சிறுநீரில் கிரியேட்டினின் ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட ஒரே அளவில் போவதால் அதை அளவுகோலாக வைத்து, ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு எத்தனை மில்லிகிராம் ஆல்புமின் என்று பார்க்கிறோம். தண்ணீர் அதிகம் குடித்தாலும் குறைவாகக் குடித்தாலும் விடை பெரிதாக மாறாது. 24 மணி நேரச் சிறுநீரைக் கேனில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வரும் தொல்லையும் இல்லை.

30க்குக் கீழே நார்மல். 30 முதல் 300 வரை கசிவு தொடங்கிவிட்டது. 300க்கு மேல் கசிவு பெரியது. நடுவில் இருக்கிற அந்த 30 முதல் 300தான் நமக்குத் தங்கமான இடைவெளி. பிடிக்க வேண்டியது அங்கேதான். பழைய ரிப்போர்ட்டுகளில் இதை மைக்ரோ ஆல்புமின் என்று எழுதியிருப்பார்கள். ஆல்புமின் சிறியது என்று அர்த்தமில்லை, அளவு சிறியது என்றுதான். சில லேப்களில் விகிதம் போடாமல் மைக்ரோ ஆல்புமின் மட்டும் லிட்டருக்கு இத்தனை என்று தருவார்கள். அதில் சாம்பார்ப் பிரச்சினை அப்படியே இருக்கிறது. "ரேஷியோ" என்ற சொல் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தனியார் லேப்பில் சில நூறு ரூபாய் ஆகும். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரை வாங்கப் போகும் நாளில் இந்த டெஸ்ட் எங்கே செய்யலாம் என்று கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கும் தன்னார்வலரிடமும் கேட்கலாம். மாத்திரை வீடு தேடி வருகிறது என்பதால் டெஸ்ட்டை மறந்துவிடுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

எப்போது ஆரம்பிப்பது? பெரியவர்களுக்கு வருகிற இரண்டாம் வகைச் சர்க்கரை என்றால், கண்டுபிடித்த அன்றே முதல் டெஸ்ட். அவசரம் ஏன் என்றால், சர்க்கரை நமக்குத் தெரிய வருவதற்குச் சில வருடம் முன்பே உடம்பில் குடியேறியிருக்கும். சிறு வயதிலேயே இன்சுலினோடு தொடங்கும் முதல் வகை என்றால் ஐந்து வருடம் கழித்து. அதன்பின் இருவருக்கும் வருடா வருடம்.

சிறுநீர் கொடுப்பதில் சில விஷயம். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் சிறந்தது. கொஞ்சம் விட்டு நடுவில் பிடியுங்கள். லேப்பில் கொடுக்கும் டப்பாவில் பிடியுங்கள், ஹார்லிக்ஸ் பாட்டில், இருமல் மருந்து பாட்டில் வேண்டாம். காய்ச்சல் நேரத்தில், சிறுநீர் எரிச்சல் இருக்கும்போது, மாதவிடாய் நாட்களில் கொடுத்தால் எண் பொய்யாக ஏறும். முந்தின நாள் கடும் உழைப்பும் ஏற்றும். நாற்று பறித்து, கட்டுக் கட்டாகச் சுமந்து, நாள் முழுக்கக் குனிந்து நடவு நட்ட மறுநாள் காலையில் வந்து கொடுக்காதீர்கள். சர்க்கரை நானூறில் இருக்கிற வாரமும் வேண்டாம்.

பெரியம்மாவுக்கு முதல் எண் 112. அவர் முகம் சுருங்கிவிட்டது. "கிட்னி போச்சா தம்பி?" என்றார். இல்லை. ஒரு எண்ணை வைத்து யாரும் நோய் என்று எழுதுவதில்லை. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை பார்த்து இரண்டு முறையாவது கூடுதலாக இருந்தால்தான் உறுதி. அவர் வந்தது குறுவை நடவு நேரம். விசாரித்தால் முந்தின நாளும் வயலில்தான் நின்றிருக்கிறார். நடவு முடிந்து ஒரு மாதம் கழித்து வரச் சொன்னேன். வந்தார். 96. இன்னும் இரண்டு மாதம் கழித்து 104. இனி சந்தேகமில்லை. இ.ஜி.எஃப்.ஆர் 85, அதாவது கிட்னியின் வேகம் நன்றாகவே இருக்கிறது, வலை மட்டும் கசிகிறது. கிரியேட்டினினை மட்டும் பார்த்திருந்தால் இன்னும் பல வருடம் "உப்பு நார்மல்" என்றே போயிருக்கும்.

எங்கள் சித்தப்பாவுக்கு அப்படித்தான் போனது. பதினெட்டு வருடச் சர்க்கரை. மாதாமாதம் ஒரு டாக்டரிடம் போவார், வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்ப்பார்கள், மாத்திரை எழுதுவார்கள். சிறுநீரை யாரும் கேட்கவில்லை, எனக்கும் அப்போது இந்தத் தொழில் இல்லை. கால் வீங்கி, வேட்டி கட்டினால் முட்டிக்குக் கீழே தடம் பதிகிறது என்று பார்த்தபோது கிரியேட்டினின் ஐந்தைத் தாண்டியிருந்தது. அதன்பின் டயாலிசிஸுக்காக வாரத்தில் மூன்று நாள் விடியற்காலை பஸ். இதை வைத்து நான் அந்த டாக்டரைத் திட்டப்போவதில்லை. கேட்காமல் விட்டது நாங்களும்தான்.

கசிவைக் கண்டுபிடித்து என்ன செய்ய, மருந்து இருக்கிறதா என்றால் இருக்கிறது, அதுவும் நல்ல மருந்துகள். மறுபடியும் வயலுக்கு வாருங்கள். வடிகால் அடைத்திருக்கிறது, மடை அகலமாக இருக்கிறது. டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகள் வடிகாலைத் திறந்துவிடுகின்றன, அதாவது வெளியே போகும் குழாயின் சுருக்கத்தைத் தளர்த்துகின்றன. டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகள் விரிந்த மடையைச் சுருக்குகின்றன. இரண்டிலும் நடு அழுத்தம் குறைகிறது, கசிவும் குறைகிறது. இரண்டாவது வகை மாத்திரைகள் கிட்னி தேய்வதைத் தாமதப்படுத்துகின்றன என்பது 2019க்குப் பின் வந்த பெரிய ஆய்வுகளில் உறுதியானது. டபாக்ளிஃப்ளோசினுக்கு 2020இல் இந்தியக் காப்புரிமை முடிந்ததும் பல கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கி விலை நன்றாக இறங்கிவிட்டது.

இந்த மாத்திரைகளை ஆரம்பித்ததும் கிரியேட்டினின் சற்று ஏறும். அழுத்தத்தை இறக்கினால் வடிகிற வேகமும் கொஞ்சம் இறங்கத்தானே செய்யும். முப்பது சதவீதம் வரை ஏறுவதை டாக்டர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். "மாத்திரை போட்டதும் உப்பு ஏறிடுச்சு" என்று பயந்து தானாக நிறுத்திவிடுகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். வடிகாலைத் திறக்கும் மாத்திரை தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்வார்கள். அந்த டெஸ்ட்டைத் தவறவிடாமல் ரிப்போர்ட்டோடு எழுதிக் கொடுத்தவரிடமே போங்கள். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு இந்த மாத்திரைகள் ஆகாது. வாந்தி பேதி வந்து சாப்பாடு இறங்காத நாட்களில் மடையைச் சுருக்கும் மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும், முழு நாள் விரதத்துக்கும் அப்படியே. அதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரைக்கு அப்பால் பழைய விஷயங்கள்தான்: மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்.பி.ஏ.1.சி) பலருக்கு 7ஐ ஒட்டி, பிரஷர் 130/80க்குக் கீழே, அடுப்படி உப்பில் கை குறைவாக. ஊறுகாய், கருவாடு, அப்பளம் மூன்றையும் ஒரே இலையில் வைத்துக்கொண்டு "நான் சோத்துல உப்பே போடுறதில்ல" என்று சொல்வதில் பயனில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நடவு, களையெடுப்பு, அறுவடை நாட்களில் மெடிக்கல் கடையில் "உடம்பு வலிக்கு ஒரு செட்" என்று கேட்டால் காகிதத்தில் மடித்து நாலைந்து மாத்திரை கொடுப்பார்கள். அதில் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் ஏதாவது ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடம்பில், ஏற்கெனவே கசியும் கிட்னியில், மேலே சொன்ன பிரஷர் மாத்திரையும் போட்டுக்கொண்டிருக்கும்போது இந்தச் செட் விழுந்தால் கிட்னி ஒரே வாரத்தில் படுத்துவிடலாம். வலிக்கு என்ன போடலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அளவோடு பாராசிட்டமால் என்பார்.

தண்ணீர் நிறையக் குடித்தால் கிட்னி கழுவிவிடும் என்பது ஆல்புமின் கசிவுக்குப் பொருந்தாது. தாகத்துக்கும் வெயிலுக்கும் ஏற்பக் குடித்தால் போதும். இ.ஜி.எஃப்.ஆர் நன்றாக இறங்கிவிட்டவர்கள் இளநீர் குடிக்குமுன் கேட்க வேண்டும், அதில் பொட்டாசியம் அதிகம். ஆல்புமின் போகிறது என்று தெரிந்தால் கண் விழித்திரையையும் அந்த மாதமே காட்டிவிடுங்கள். சர்க்கரை நைய வைப்பது அங்கேயும் இதே மெல்லிய குழாய்களைத்தான். கண்ணில் ஒன்றுமே இல்லாமல் சிறுநீரில் மட்டும் ஆல்புமின் கொட்டினாலோ, சிறுநீரில் ரத்தம் கலந்தாலோ, காரணம் சர்க்கரைதானா என்று சிறுநீரக மருத்துவர் ஒரு முறை பார்ப்பது நல்லது.

பெரியம்மா நான்கு மாதம் மாத்திரை சாப்பிட்டுவிட்டுத் தை அறுவடைக்கு முன் வந்தார். இந்த முறை லேப் டப்பாவில், காலை முதல் சிறுநீர். எண் 41. நார்மலுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கிறது, ஆனால் பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது. ரிப்போர்ட்டை வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இது எந்த உப்பு தம்பி, போற உப்பா, ஏறுற உப்பா?"

"போற உப்பு, பெரியம்மா."

"ஏறுற உப்பு?"

"0.9. அடுத்த பக்கத்துல இருக்கு."

இரண்டு தாளையும் சேர்த்து மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது அடுத்த தடவைக்கு என்று ஒரு காலி டப்பா கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.